பிளஸ் டூ முடித்து வருகிறவர்களுக்கு, நூலகத்திலிருந்து ஒரு மடல்



தரவரிசைப் பட்டியலில் உங்கள் பெயர் வந்திருக்கும். சிலருக்குக் கலந்தாய்வுத் தேதியும் குறுஞ்செய்தியில் வந்திருக்கும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று பள்ளிக்கும் இ-சேவை மையத்துக்கும் நடந்து முடித்திருப்பீர்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த ஷிப்ட், எந்த பஸ் என்று தெருவில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். சேர்ந்த பிறகு எப்படிப் படிப்பது என்பதை மட்டும் அநேகமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இந்த மடல். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேரப்போகிறவர்களை, அதிலும் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறுகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பொறியியலுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

நான் அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் நூலகர். பாடம் நடத்துகிறவன் இல்லை. பேராசிரியர்களுக்கு நீங்கள் விடைத்தாளில் தெரிவீர்கள். எனக்கோ படிக்கும்போதே தெரிவீர்கள், படிக்காமல் போகும்போதும் தெரிவீர்கள். மூன்றாம் ஆண்டின் கடைசியில் ஹால் டிக்கெட் வாங்க, நூலகத்தில் பாக்கி இல்லை என்று என் கையெழுத்து வேண்டும். அந்த 'நோ டியூ' படிவத்தோடுதான் முதன்முறையாக உள்ளே நுழைந்து, "சார், லைப்ரரி இதுதானா?" என்று கேட்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. புத்தகமே எடுக்காதவருக்குப் பாக்கி ஏது? உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். அவர்களில் நல்ல தலைகளும் இருந்தன என்பதுதான் உறுத்தல்.

இதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளி அவர்களை எப்படிப் பழக்கியது என்று பாருங்கள். பிளஸ் டூவில் ஆறு பாடம், 600 மதிப்பெண். செய்முறை உள்ள பாடமென்றால் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று கணக்கு முன்கூட்டியே தெரியும். எந்தப் பாடத்திலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி வரும், புத்தகத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களில் எவற்றை மனப்பாடம் செய்தால் போதும் என்பதெல்லாம் ஆசிரியருக்கு அத்துப்படி. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் ஸ்லிப் டெஸ்ட், அரையாண்டு முடிந்ததும் திருப்புதல் தேர்வுகள். தடுமாறுகிறவர்களுக்கு மெல்லக் கற்போர் கையேடு என்று தனியாக ஒன்று. ஒரு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். தேர்ச்சி விழுக்காட்டுக்காகத் தலைமையாசிரியர் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அடுத்து என்ன படிப்பது என்ற முடிவை உங்களிடம் விட்டுவைக்க யாராலும் முடியவில்லை. அந்த ஆசிரியர்கள் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருக்காவிட்டால் உங்களில் பலர் இந்தப் பட்டியலிலேயே வந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் கல்லூரியில் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் நின்றுபோகும். யாரும் அறிவித்துவிட்டு நிறுத்துவதில்லை. அதனால்தான் முதல் இரண்டு மாதம் விடுமுறைபோலத் தோன்றுகிறது.

இங்கே திங்கள், செவ்வாய் என்று கால அட்டவணை இருக்காது. 'டே ஆர்டர்' என்பார்கள். முதல் டே ஆர்டரிலிருந்து ஆறாவது வரை சுற்றிச் சுற்றி வரும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வகுப்பு. இடையில் விடுமுறை வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் ஷிப்ட் என்றால் மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். இரண்டாம் ஷிப்ட் என்றால் காலை முழுவதும் உங்களுடையது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அபராதம் கட்டி, காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. விதிகள் இவ்வளவுதான். இவற்றில் எதுவும் இன்று சாயங்காலம் நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்று சொல்லாது. சிலபஸ் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். ஒரு பாடத்துக்கு ஐந்து யூனிட், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி. அந்த நாலு வரி ஒரு புத்தகத்தில் அறுபது பக்கமாக இருக்கலாம், இன்னொன்றில் ஆறு பக்கமாகவும் இருக்கலாம். எவ்வளவு ஆழம் போவது என்பதை இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் பொதுவாகச் சொன்னால் அறிவுரை மாதிரி இருக்கும். ஒரு பாடத்தை எடுத்தே சொல்கிறேன்.

குடவோலை முறை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், பொ.ஆ. 919, 921. தகுதிகளையும் வரிசையாக ஒப்பிப்பீர்கள்: கால் வேலிக்குமேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் பயிற்சி. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பள்ளியில் இந்த அளவுக்கு எழுதினால் ஐந்துக்கு ஐந்து.

அதே தகுதிப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நிலமில்லாதவர் ஓலை அந்தக் குடத்துக்குள் போகாது. வேதம் படிக்காதவருடையதும் போகாது. பெண்ணின் பெயரும் போகாது. உத்திரமேரூர் பிராமணர்களுக்கு விடப்பட்ட பிரமதேய ஊர், அங்கிருந்தது சபை. வேளாண் மக்களின் ஊர்களில் இருந்த 'ஊர்' என்ற அமைப்புக்கும் இதே முறைதானா? ஒரு கல்வெட்டை வைத்து முழுச் சோழ நாட்டையும் பேசலாமா? இந்தக் கேள்விகள் தோன்றிவிட்டால் நீங்கள் கல்லூரிக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

அப்போது நூலகத்துக்கு வருவீர்கள். நீலகண்ட சாஸ்திரி 1930-களில் எழுதிய 'சோழர்கள்' இருக்கிறது. அவர் வலுவான மைய அரசையும், அதற்குக் கீழே சுறுசுறுப்பான ஊராட்சியையும் சேர்த்தே காட்டுவார். 1980-இல் பர்ட்டன் ஸ்டைன் வந்து, சோழ அரசரின் நேரடி அதிகாரம் நடுப்பகுதிக்கு வெளியே அவ்வளவாக இல்லை, அங்கெல்லாம் அவர் சடங்கு முறையில்தான் தலைவர் என்றார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் நிலவிற்பனைகளையும் 'நாடு' என்ற வட்டாரப் பிரிவுகளின் பெயர்களையும் ஆட்களின் பட்டங்களையும் எண்ணி, வரைபடத்தில் குறித்து, வேறு வழியில் போனார்கள். இவர்களில் யார் சொன்னது சரி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் எந்தச் சான்றை வைத்துப் பேசுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்தப் பாடமே.

வரலாற்றுக்கு மட்டுமான விஷயமில்லை இது. பி.காம். சேர்கிறவர்கள் முதல் பருவத்தில் தேய்மானக் கணக்கைப் பார்த்ததும், "இது லெவன்த்லயே படிச்சதுதான்" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், பத்தாண்டு ஆயுள், கடைசியில் மீதி மதிப்பு 10,000. நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 9,000. குறைந்துசெல் இருப்பு முறையில் 10 விழுக்காடு என்றால் முதல் ஆண்டு 10,000, அடுத்து 9,000, அப்புறம் 8,100. கணக்கு தெரியும், சரி. முதல் ஆண்டில் லாபத்தைக் கூட்டிக் காட்ட நினைக்கிற முதலாளி எந்த முறையை விரும்புவார்? பத்தாண்டு கழித்துப் பார்த்தால் இரண்டாவது முறையில் புத்தகத்தில் எவ்வளவு மிச்சம் நிற்கும்? போட்டுப் பாருங்கள், 10,000 வராது. 34,000-க்கும் மேலே நிற்கும். ஏன், அதற்கு என்ன செய்வது? ரெட்டி-மூர்த்தி புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகள் நிறைய உண்டு. தீர்வை ஒரு தாளால் மூடிவிட்டு நீங்களே போட்டு, பிறகு திறந்து பார்த்தால், பக்கத்தில் ஆசிரியர் நிற்கத் தேவையில்லை. கணிதம் எடுத்தவர்களுக்கு நாராயணன்-மாணிக்கவாசகம் பிள்ளையின் 'கால்குலஸ்' உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் கல்லூரிகளில் கைமாறிவரும் புத்தகம். எங்கள் பிரதிகளில் சிலவற்றில் பென்சிலால் போட்ட விடைகள் அப்படியே இருக்கின்றன. அழிக்கச் சொல்லிப் பலகை மாட்டியிருக்கிறேன். ரகசியமாகச் சொன்னால், எனக்கே அவை பிடிக்கும்.

சிலபஸ் தாளின் அடியில் பாட நூல்கள், பார்வை நூல்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலோர் கண்ணுக்கு அது படுவதே இல்லை. முதல் வாரம் நீங்கள் செய்ய வேண்டிய வேலை அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வருவதுதான். புத்தகங்களைப் பொருள் எண்படி அடுக்கியிருக்கிறோம்: கணக்குப்பதிவியல் 657, இயற்பியல் 530, இந்திய வரலாறு 954. நீங்கள் தேடிய புத்தகம் வெளியே போயிருந்தாலும் அதன் இடத்துக்கு இரண்டு பக்கமும் அதே பொருளில் வேறு நாலு புத்தகம் நிற்கும். ஒருவர் விளக்கியது புரியவில்லை என்றால் உங்களுக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. அடுத்த புத்தகத்தில் அதே தலைப்பைத் திறங்கள். மூன்றாவது ஆளிடம் சட்டென்று பிடிபட்டுவிடும். பள்ளியில் ஒரு பாடத்துக்கு அரசு கொடுத்த ஒரே புத்தகம் இருந்ததால் இந்த வசதியே உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

"சார், எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு" என்பீர்கள். உண்மைதான், தமிழ்வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் பருவத்தில் இதுதான் பெரிய மலை. தமிழ்வழி வகுப்புகள் உள்ள துறைகளிலும் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில நூல்களே. இதற்கு நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகம் அதே புத்தகங்களை ஆங்கிலவழிக்கும் வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தைத் தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் அதே பத்தி என்று மாற்றி மாற்றிப் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் அவ்வளவாக மிரட்டாது. கல்லூரி திறப்பதற்குள் உங்கள் முதன்மைப் பாடத்தில் நாலு பாடம் இப்படி முடித்தாலே, முதல் மாதத்தில் பேராசிரியர் சொல்லும் பாதிச் சொற்கள் காதுக்குப் பழகியிருக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதைவிட இது மேல் என்பது என் கட்சி. தமிழிலேயே பட்டப்படிப்புக்கு எழுதப்பட்ட பழைய நூல்களும் உண்டு. ஒரு காலத்தில் அரசு வெளியிட்டவை, பிற்பாடு பாடநூல் கழகம் பலவற்றை மறுபதிப்புச் செய்தது. நடை கொஞ்சம் பழசாக இருக்கும், விளக்கம் கெட்டியாக இருக்கும்.

குறிப்பெடுப்பதைப் பற்றி ஒன்று மட்டும். பள்ளியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல முற்றுப்புள்ளி வரை எழுதிப் பழகிவிட்டீர்கள். கல்லூரியில் பேசிக்கொண்டே போவார்கள், எதை எழுதுவது என்று உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். கரும்பலகையை மொபைலில் படமெடுத்துவிட்டால் படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வருகிறது. அந்தப் படங்களை யாரும் திரும்பப் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்றிரவே, நோட்டைப் பார்க்காமல், இன்று வகுப்பில் என்ன பேசினார்கள் என்று அரைப்பக்கம் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் புரியாத இடம். அந்த இடத்தை அடிக்கோடிட்டு வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

ஏனென்றால் துறை அறைக்குள் போய்ச் சந்தேகம் கேட்பது என்பது முதல் ஆண்டு மாணவருக்குப் பெரிய சங்கடம். வாசலில் செருப்போடு நிற்பதா, உள்ளே போவதா, சார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே, இது தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ. "புரியல சார்" என்று மட்டும் சொன்னால், "எது புரியல?" என்று திருப்பிக் கேட்பார்கள், நீங்கள் "எல்லாமே சார்" என்பீர்கள், அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. அதற்குப் பதில் அடிக்கோடிட்ட பக்கத்தோடு போய், "சார், இந்த மூணாவது வரியிலிருந்து நாலாவது வரி எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற மாணவரை எந்தப் பேராசிரியரும் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார். எரிந்து விழுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைப்பானேன். அவரை விட்டுவிட்டு அதே துறையில் இன்னொருவரிடம் போங்கள், சீனியரிடம் போங்கள். கேட்காமல் இருந்துவிடுவதற்கு அவர் ஒரு சாக்காக வேண்டாம்.

இனி நேரம். கல்லூரி மதியத்தோடு முடிந்தால் மீதி நேரத்தில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். ஜவுளிக்கடை, மொபைல் கடை, முகூர்த்த நாளில் கேட்டரிங், ராத்திரியில் உணவு டெலிவரி. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல வீடுகளில் அந்தப் பணத்தில்தான் பருவக் கட்டணம் கட்டுகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. சேர்ந்த உடனே கல்லூரியில் அதற்குப் பொறுப்பானவர் யார் என்று விசாரித்து, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேலைக்குப் போவதானால் நேரத்தை நீங்கள் சொல்லுங்கள், கடைக்காரர் சொல்ல விடாதீர்கள். இன்டர்னல் தேதிகளை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். பல பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாத கடை, மூன்று வருடத்தில் உங்கள் பட்டத்தைத் தின்றுவிடும்.

பெண்பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று கிளம்பினால், பையை வைப்பதற்குள் குடம் கைக்கு வரும், தம்பிக்குச் சோறு, பாட்டிக்கு மாத்திரை. புத்தகத்தைத் திறக்க ராத்திரி பத்து மணி ஆகிவிடும். எங்கள் நூலகத்தில் மதியம் வகுப்பு முடிந்து ஊர் பஸ் வரும்வரை உள்ள நேரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிற பெண்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரே மேசை, ஒரே நாற்காலி, டிபன் பாக்ஸ் பைக்குள்ளேயே இருக்கும். பஸ் நேரத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வாள், மற்றவர்கள் தலையைத் தூக்க மாட்டார்கள். மணிக்கணக்கு என்று பார்த்தால் அதிகமில்லை, ஆனால் தினமும் உண்டு. பையன்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: எத்தனை மணி நேரம் என்று திட்டம் போடுவதற்கு முன்னால், எங்கே உட்காருவது என்று முடிவு செய்யுங்கள்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை கட்டாயம் இருக்கும். ஐந்து யூனிட்டும் நாற்பது பக்கத்தில், ஐந்து வருடக் கேள்வித்தாளோடு சேர்த்துக் கிடைக்கும். கேள்வித்தாள்களை வாங்குங்கள், தப்பில்லை. அந்த நாற்பது பக்கத்தை மட்டும் படித்தாலும் பெரும்பாலும் பாஸ் ஆகிவிடலாம், பொய் சொல்ல மாட்டேன். என்ன, அதே பாடத்தை டி.என்.பி.எஸ்.சி.க்கோ முதுகலை நுழைவுத் தேர்வுக்கோ மறுபடி முதலிலிருந்து படிப்பீர்கள், அதுவும் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி. இப்போது மொபைலில் கேட்டால் கட்டுரையே எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அசைன்மென்ட் அடுக்கில் பத்துப் பேருடையது ஒரே குரலில் பேசுகிறது, திருத்துகிறவர்களுக்கு அது தெரியாமலில்லை. பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் பாடத்தைப் படித்துவிட்டு, "இதில் என்னைக் கேள்வி கேள்" என்று அதனிடம் சொல்லிப் பாருங்கள். அது தவறாகச் சொல்வதையும் அதே நிதானத்தோடுதான் சொல்லும். படித்திருந்தால்தான் பிடிக்க முடியும்.

விரும்பிய பாடம் கிடைக்காமல் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி அறிவியல் கேட்டு, கட் ஆஃப் போதாமல் புவியியலோ பொருளியலோ கிடைத்தவர்கள் முதல் மாதம் முழுவதும் முகம் தொங்கியே இருப்பார்கள். என் தொழிலின் பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். போன சில நாட்களிலேயே அந்த வேலை சலித்துப்போய், கணிதத்துக்கே திரும்ப விடுங்கள் என்று கேட்டார் என்பார்கள். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்துத் திரும்பியவர், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக எழுதினார். 1933-இல் புதிய பகுப்பு முறை ஒன்றையே உருவாக்கிவிட்டார். கணிதம் வீணாகவில்லை, அந்தப் பகுப்பு முறை முழுக்கக் கணித மூளையின் வேலை. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி தர முடியாது. பாடத்தைப் பிடிக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க, அதன் உள்ளே ஒரு பருவமாவது நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அவ்வளவுதான். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் மாறுவதில் வெட்கமில்லை.

முதல் பருவ முடிவு வரும்போது சிலருக்கு அரியர் விழும். பள்ளியில் ஒரு பாடத்திலும் தவறாதவர்களுக்குக்கூட விழும். பிளஸ் டூவில் தோற்றால் தெருவே பேசும், இங்கே அப்படி இல்லை. அடுத்த முறை அந்தத் தாளை மறுபடி எழுதலாம். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கிற வழியும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. எங்கே மதிப்பெண் போயிற்று என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி இருக்கும், அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். வீட்டில் மறைப்பதுதான் பலரை ஒடித்துவிடுகிறது. செமஸ்டர் என்றால் என்ன, இன்டர்னல் என்றால் என்ன, அரியர் வந்தால் என்ன ஆகும் என்று சேர்ந்த வாரமே அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒருமுறை உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே தேர்வு பிளஸ் டூதான். தோல்வி என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லாம் போச்சு என்று நினைப்பார்கள். அந்தப் பதற்றம் உங்களைத்தான் வந்து தாக்கும். தாங்க முடியாத மனநிலை வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. நிறைய வேண்டாம், ஒரு காரியம் செய்யுங்கள். ஊரிலுள்ள கிளை நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ உறுப்பினராகுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உண்டு. ஒரு நாள் முழுக்க உட்காரலாம். சேரப்போகும் பாடத்தில் யாரும் உங்களைப் படிக்கச் சொல்லாத ஓர் அத்தியாயத்தை எடுங்கள். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. படித்து முடித்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்: இதில் எனக்கு என்ன புரிந்தது, எங்கே நின்றுவிட்டேன், அடுத்து எதைத் தேட வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை எழுதுவதுதான் பள்ளியில் உங்களுக்கு வாய்க்காத பயிற்சி. முதல் முறை அங்கே ஒன்றும் தோன்றாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, எல்லோரும் கடிப்பதுதான். இரண்டாவது அத்தியாயத்தில் கொஞ்சம் வரும்.

அந்தப் பக்கத்தைக் கல்லூரி திறந்ததும் எங்கள் மாதிரி நூலகரிடம் கொண்டுவாருங்கள். "சார், எனக்கு இதைப் பத்தி இன்னும் படிக்கணும்" என்று சொன்னால் எழுந்து வந்து அலமாரியைக் காட்டுவோம். எங்கள் கல்லூரியில் நூலக அட்டை கைக்கு வர ஒரு மாதம்கூட ஆகும். பதிவெண் வர வேண்டும், புகைப்படம் ஒட்ட வேண்டும், முதல்வர் முத்திரை வேண்டும். அதுவரை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உள்ளே உட்கார்ந்து படிக்க அட்டை தேவையில்லை, சேர்க்கைக் கட்டண ரசீது போதும். பையை வாசலில் உள்ள அடுக்கில் வைத்துவிட்டு, நோட்டும் பேனாவும் மட்டும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஓர் அரசு கலைக் கல்லூரி நூலகர்